நீர்மட்டத்தின் நான்காவது ஆல்பம்

"முதல் ஆல்பத்துக்கே நான் வந்து பேசியிருக்கணும். போனாப் போவுதுன்னு உட்டது என் தப்பு" என்றபடி உள்ளே நுழைந்தாள் எதிர்வீட்டு வசந்தா. அவள் பின்னாலேயே வீட்டு ஓனர் பரந்தாமன்.

ஜெகன் அவசரமாக எழுந்து நின்றான். பருத்திப்பட்டில் இந்த மாடி அறையை விட்டால் அவனுடைய 'நீர்மட்டம்' குழுவுக்கு வேறு போக்கிடம் கிடையாது. புரோகிரெசிவ் ராக் வாசிப்பவர்களுக்கு எந்த மகராசன் வாடகைக்கு விடுவான்? ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும், நடுவில் நாலு தடவை தாளம் மாறும். தெருவில் யாரோ சத்தம் தாங்கவில்லை என்று சொல்லப்போய், இன்னொரு புகார் வந்தால் காலி செய்துவிட வேண்டும் என்று பரந்தாமன் போன மாதமே கறாராகச் சொல்லிவிட்டார். நாலாவது ஆல்பமோ பாதியில் நிற்கிறது.

வசந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஆல்பமாக எடுத்துப் பிரித்து மேய ஆரம்பித்தாள். முதல் ஆல்பம் அப்பட்டமாக வெளிநாட்டுக்காரன் பாணியாம். பாட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லையாம்.

"ரெண்டாவதுல கோயில் பம்பையை உள்ள கொண்டாந்தீங்க. ஆரம்பத்துல வர்ற மெட்டு கடைசில வேற மாரி திரும்பி வந்துச்சு. அதைக் கேட்டுக்கினு நின்னு அடுப்புல வெச்ச பால் பொங்கிப் போச்சு."

"சாரிக்கா" என்றான் ஜெகன்.

"மூணாவதைப் பத்திப் பேசவே வாணாம். ஒரு பாட்டும் தனியா நிக்கல, ஒண்ணுலேர்ந்து ஒண்ணு மொளைக்குது. பூந்தமல்லில மெட்ரோவுக்குத் தூண் எறக்குவான் பாரு, அந்தச் சத்தத்தையும் புடிச்சுக் கோத்துட்டீங்க. தாளம் ஏழேழா போவுது. கீரை ஆய உக்காந்தா என் கையும் அந்தக் கணக்குலயே போவுது."

அந்தப் பயத்திலும் ஜெகனுக்குப் பெருமை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நுணுக்கமாக அவர்களைப் பற்றி எந்த விமர்சகனும் எழுதியதில்லை. திட்டுகிறவளாகவே இருக்கட்டும், என்ன காது! இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேவிட்டான்.

"உங்க ஜன்னலும் என் சமையக்கட்டும் மூஞ்சிக்கு மூஞ்சி கீது. நீங்க வாசிக்கிறது, சண்ட போட்டுக்கிறது எல்லாம் என் காதுலதானே உழும்."

பரந்தாமன் தொண்டையைச் செருமினார். போச்சுடா என்று ஜெகன் முந்திக்கொண்டான். இனிமேல் எந்தத் தொந்தரவும் இருக்காது, கையிலிருந்ததையெல்லாம் போட்டுச் சுவர் முழுக்க ஃபோம் ஒட்டியாகிவிட்டது, ஜன்னலையும் அடைத்தாகிவிட்டது, இப்போதெல்லாம் ஒரு பொட்டுச் சத்தம்கூட வெளியே வருவதில்லையே என்று கெஞ்சினான்.

"அதுதான் தம்பி என் புகாரே" என்றாள் வசந்தா. "நாலாவது ஆல்பம் எங்க தெருவுலதான் ரெடியாவுதுன்னு சொந்தக்காரங்ககிட்டல்லாம் பீத்திக்கினு கீறேன். இன்னா மாரி வந்துகினு கீதுன்னு கேக்குறாங்க, பதில் சொல்ல முடியல. சத்தம்னு சொன்ன ஆளை நான் பாத்துக்கறேன், ஓனர்கிட்டயும் பேசிட்டேன். மொதல்ல அந்த ஜன்னலைத் தொற."