ஒற்றைக் குப்பி

போர் நடக்கும் தாயிஸ் நகரத்து அந்தச் சிறிய மருத்துவமனையில் ரத்தத்தை உறையவைக்கும் மருந்து ஒரே ஒரு குப்பிதான் மிச்சம். நான்கு மாதமாகப் புதிதாக எதுவும் வரவில்லை. மருந்தை ஏற்றியதும் காலிக் குப்பியில் காயம்பட்டவரின் பெயரை எழுதி, அவர் கணுக்காலிலேயே ஒட்டிவிடுவது அங்கே வழக்கம். அறை மாறினாலும் என்ன கொடுத்தார்கள் என்று தெரிய வேண்டுமல்லவா?

ஆள் செத்துப்போனால் குப்பி தானாகவே ஃபிரிட்ஜுக்குத் திரும்பிவிடும். மூடி உடையாமல், வெள்ளைப் பொடி நிறைந்து, நர்ஸ் நஜீபாவின் கையெழுத்தில் அதே பெயரோடு. அவள் பெயரைச் சுரண்டிவிட்டு அடுத்தவருக்கு ஏற்றுவாள். இதுவரை பதினேழு பேர். ஒருவருக்கும் ரத்தம் நிற்கவில்லை.

இன்று காலை தண்ணீர் லாரி ஓட்டும் ஷாயிஃபைக் கொண்டுவந்தார்கள். குண்டுச் சிதறலில் தொடை கிழிந்திருந்தது. மருந்து ஏறியது. ரத்தம் நின்றது.

"தங்கச்சி, சாவுறதுக்கு முன்னாடி ஒரு டீ கெடைக்குமா? பால் தாராளமா ஊத்தி."

"வாயக் கழுவுண்ணே! உன் லாரிக்காகத் தெருவே கேனோட காத்துக் கெடக்கு."

நஜீபா சிரித்தாள். சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

பாலும் அதே ஃபிரிட்ஜில்தான். திறந்தாள். குப்பி இருந்தது. நிறைந்திருந்தது. ஷாயிஃப் என்று எழுதியிருந்த மை இன்னும் காயவில்லை.

"சர்க்கரை ரெண்டு கரண்டி, தங்கச்சி!" என்று அறையிலிருந்து குரல் வந்தது.

வாசலில் அடுத்த ஆம்புலன்ஸ் வந்து நின்றது. நஜீபா நகத்தால் பெயரைச் சுரண்டத் தொடங்கினாள்.