விருது வேண்டாதவர்

“எனக்கு எதுக்கு சார் விருது? பேருக்கும் புகழுக்குமா நெய்யறோம்? மனசுக்காக நெய்யறது சார் இது!” கைலாசம் கையெடுத்துக் கும்பிட்டார்.

விருதுக் குழுவிலிருந்து வந்திருந்த வேணுகோபால் திகைத்துப்போனார். கூட வந்த நிருபருக்கோ புல்லரித்துவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் இப்படியும் ஒரு மனிதரா!

இத்தனைக்கும் கைலாசம் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வாசலிலேயே காத்திருந்து வரவேற்றவர்தான். “சாம்பல் கலர் புடவைக்கு மாம்பழ கலர் கரை! நடுவருங்க சொக்கிப் போயிட்டாங்க” என்று வேணுகோபால் புகழ்ந்தபோது முகமெல்லாம் பல்லாகத்தான் இருந்தது.

“டெல்லியில மேடையிலேயே தறி போட்டுடறோம். மந்திரி முன்னாடி நீங்க கொஞ்சம் நெய்து காட்டணும்” என்றதும்தான் இந்த வைராக்கியம் எங்கிருந்தோ வந்து குதித்தது.

“ஏங்க, வீடு தேடி வந்திருக்காங்க...” காபியோடு வந்த மனைவி துர்காதேவி மெல்ல இழுத்தாள். நேற்று நெசவாளர் சங்கத்தில் சேதி சொன்னதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. காமாட்சி கோயிலில் விளக்கேற்றிவிட்டு, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

“நீ சும்மா இரும்மா. இந்தப் பொம்பளைங்களுக்கே பேரு மேல ஒரு பைத்தியம் சார்!”

வந்தவர்கள் சிரித்தார்கள். துர்காதேவி தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

“அப்ப வேற ஆளைத்தான் பாக்கணும். ரொம்ப வருத்தமா இருக்குங்க” என்று வேணுகோபால் எழுந்தார்.

“எனக்கு இதுதான் சார் நியூஸ். விருதை உதறிய கலைஞர்! முதல் பக்கத்துலயே போடச் சொல்றேன்” என்று நிருபர் கைலாசத்தைத் தறிப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். கைலாசமும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நன்றாகவே நின்றார்.

கார் தெருமுனை திரும்பும்வரை கும்பிட்ட கை இறங்கவில்லை. உள்ளே வந்தால், துர்காதேவி சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“இப்ப இன்னாத்துக்கு அழுதுக்கினு இருக்க? நாளைக்குப் பேப்பரைப் பாரு. விருது வாங்கியிருந்தாக்கூட இவ்ளோ பேரு வந்திருக்காதும்மா!”

துர்காதேவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அந்தப் பொடவைய நெய்தவ நானு. வேணாம்னு சொல்ல நீ யாருய்யா?”