செல்லமுத்துவைப் பிடித்த எறும்புகள்

“கால்ல ஏறுது! தட்டுடி அத்தாயி, எறும்பு!”

செல்லமுத்து அலறியபடி காலை உதறினான். அத்தாயி குனிந்து பார்த்தாள். சாணம் மெழுகிய தரையில் ஓர் எறும்புகூட இல்லை.

காலையில் எறும்பை வெட்டுகிறேன் என்று கொடுவாளைத் தூக்கித் தன் காலிலேயே போடப் பார்த்தான். தம்பி சின்னுசாமி ஓடிவந்து பிடுங்கி, அண்ணனைத் தூணோடு சேர்த்துக் கட்டிவைத்தான். மேல்வளவு வெங்கிடுசாமி இதே மாதிரி வேர்த்து, உதறிக் கிடந்து முந்தாநாள்தான் செத்துப்போனான். அதை நினைத்துத்தான் அத்தாயி பூசாரிக்கு ஆள் அனுப்பியிருந்தாள்.

“அண்ணி, செம்மேட்டுச் சந்தைக்கு வந்த டாக்டரு சொன்னாருங்க. சர்க்காரு சாராயக் கடையெல்லாம் மூடிட்டாங்கல்ல? நித்தம் குடிச்சவங்க பட்டுனு நிறுத்துனா இப்படித்தான் ஆகுமாம். தூளி கட்டி மலைக்குக் கீழ ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போயிரலாங்க.”

“குடிச்சா நோவு வரும், சரி. குடிக்காட்டி நோவு வருமா? நல்லாச் சொன்னாரு உங்க டாக்டரு! இது பேய்தான் தம்பி. பூசாரி வரட்டும்.”

பூசாரி அப்பாசாமி வந்தார். வளப்பூர் நாட்டு மலை ஊர்களில் பேய் ஓட்ட அவரை விட்டால் ஆள் கிடையாது. பேய்க்குச் சாராயம் படைப்பார். பேய் போனதும் படையலை அவரே குடித்து முடிப்பார்.

“படையலுக்குச் சாராயம் கெடைக்கலீங்களே சாமி,” என்றாள் அத்தாயி அழாக்குறையாக.

“பாத்துக்கலாம் கண்ணு. எப்பருந்து இவனுக்கு இப்படி?”

“கடை மூடுன வாரத்துலருந்துங்க. பொட்டுத் தூக்கம் இல்லீங்க.”

பூசாரி செல்லமுத்துவின் எதிரே போய் நின்றார். அவர் கையிலிருந்த வேப்பங்குலை ஆட்டாமலே சலசலத்தது. அதற்குள் சாமி இறங்கிவிட்டது என்று அத்தாயி கும்பிட்டாள்.

“ஆரு நீ? என்ன வேணும்?” பூசாரி அதட்டினார்.

“சாராயம்!” செல்லமுத்து கத்தினான். “ஐயோ, செவுத்துல பாரு, சாரை சாரையா வருது!”

பூசாரி சட்டென்று பின்வாங்கினார். “ஆமா, வருது,” என்று முனகியபடி தன் முழங்கையைப் படபடவென்று தட்டிவிட்டுக்கொண்டார்.

அத்தாயிக்கும் சின்னுசாமிக்கும் வெறும் சுவர்தான் தெரிந்தது.

“பாத்தியா தம்பி? பூசாரி கண்ணுக்குத்தான் அது தட்டுப்படும். உங்க டாக்டரு கண்டாரா இத?”

செல்லமுத்துவின் தலை தொங்கியது. வாயோரம் நுரை கட்டியது. பூசாரி வேப்பங்குலையைக் கீழே போட்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“இவன உடனே டாக்டருகிட்டத் தூக்கிக்கிட்டுப் போங்க. இது பேயில்லே.”

அத்தாயி அவர் காலில் விழுந்தாள். “கைவிட்டுறாதீங்க சாமி! பேயில்லீன்னா, எங்களுக்குத் தெரியாத எறும்பு உங்க கண்ணுக்கு மட்டும் எப்படீங்க தெரிஞ்சுது?”

பூசாரி சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார்.

“கடைய மூடுனதுலருந்து எம் மேலயும் ஊருது கண்ணு, என்னையுந் தூக்கிக்கிட்டுப் போங்க.”