நிற்காத பேனா

"பேனா நிக்கக் கூடாது. மனசுல வர்றதோ, காதுல விழறதோ, எழுதிக்கிட்டே இருங்க" என்றாள் ஆசிரியை. நூலகத்தில் அன்று எழுத்து நாள். அடுத்த மாதமும் அவளுக்கே வகுப்பைத் தரலாமா என்று பார்க்க நூலகரே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் பேனாவைக் கடிக்க, கடைசி வரிசைக் கண்ணாடிக்காரர் மட்டும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். அப்படி என்னதான் எழுதுகிறார்? அவர் பின்னால் நின்று கணவனிடம் போனில் கிசுகிசுத்தபோதும் அவள் கண் அந்த நோட்டில்தான். ஒரே கிறுக்கல், பிடிபடவில்லை.

"நேரம் முடிஞ்சுது. சார், நீங்க வாசிங்க!"

"வேண்டாம்மா."

"கூச்சப்படாதீங்க. ஒரு வார்த்தை விடக் கூடாது."

அவர் எழுந்தார். "முப்பது வருஷம் கோர்ட்ல சுருக்கெழுத்து. காதுல விழறதைத்தான் எழுத வரும்" என்று கனைத்துக்கொண்டு வாசித்தார்:

"'கவலைப்படாதீங்க, இந்த லைப்ரேரியன் ஒரு மண்டு. ரெண்டு தடவை புகழ்ந்தா அடுத்த மாசமும் நமக்குத்தான்.'"