வெறும் ஓடு

கப்பல்களைத் தகர்க்கும் நவீனக் கடல் கண்ணிவெடிக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கியதும், ராஜபாளையத்தில் எங்கள் பட்டறைக்கு அதன் மாதிரி வெளி ஓடு செய்யும் வேலை வந்தது. ஓட்டுக்குள் தண்ணீர் இறங்குகிறதா என்று தொட்டியில் மிதக்கவிட்டுப் பார்ப்பது என் பொறுப்பு. அது வெறும் இரும்பு ஓடு. உள்ளே வெடிமருந்தும் இல்லை, கப்பல் வருவதை உணரும் சென்சாரும் இல்லை. சென்சார் வைக்கும் வாயை ஒரு மூடி போட்டு அடைத்திருந்தோம். தண்ணீர் இறங்கவில்லை. ஆனால் யார் பக்கத்தில் நடந்தாலும் அந்த வாய் அவர் பக்கம் திரும்பியது.

முதலாளி கௌதம்ராஜா தொட்டியை ஒரு சுற்று வந்தார். அதுவும் கூடவே சுற்றியது. அவர் நின்றதும் நின்றது.

"ஃபேன் காத்தா இருக்கும். ஏத்திட்டுப் போக லாரி வருது, கிருபாபாய். பாஸ்னு கையெழுத்துப் போடும்மா."

ஃபேன் ஓடவில்லை.

"போட மாட்டேன் மொதலாளி. உள்ள ஒண்ணுமே இல்ல, இப்பவே ஆளத் தேடுது."

"ஒன் வேலை போயிரும்."

"போவட்டும்."

பட்டறை ஆட்கள் எல்லார் முன்னாலும் மூடியைக் கழற்றினேன். தண்ணீர் பாய்ந்து, ஓடு அடியில் போய் உட்கார்ந்தது.

"இப்பத் திரும்பு, பாப்போம்" என்று தொட்டியைச் சுற்றி நடந்தேன்.

அடியில் இரும்பு சிமெண்டில் உரசும் சத்தம் என்னோடு நடந்து வந்தது.

நான் நிற்கவில்லை. அடுத்த சுற்றை ஆரம்பித்தேன்.