வலப்பக்கப் பொத்தான்கள்

வலது தோள்மூட்டுக்குள் ஆரோ இறங்கி நின்று அலவாங்குக் கம்பியால் கிண்டிக்கொண்டிருப்பது போல நோ.

சிவபாதம் அதைப் பொருட்படுத்தாதவர் போலக் கதிரையில் நிமிர்ந்து இருந்து, ரீவியில் நின்ற வெள்ளைக்காரனைப் பார்த்தார்.

அவன் மண்மேட்டில் நின்று எதையோ சப்பினான். துப்பினான். பந்தை முதுகுக்குப் பின்னால் வைத்து உருட்டினான். கழுத்தில் வழிந்த வியர்வைகூட உண்மை மாதிரியே தெரிந்தது.

எறியத்தான் இல்லை.

சிவபாதம் விளையாட்டுப் பெட்டியின் கொன்றோலரை எடுத்து, அதன் வலப்பக்கப் பொத்தானைப் பெருவிரலால் அமத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஊன்றி அமத்தினார். மட்டையோடு நின்றவன் காலை மாற்றி வைத்தான். மைதானம் நிறைந்த சனம் கத்தியது. எறிகிறவன் சப்பிக்கொண்டே நின்றான்.

முதல் நாள் இது பகிடியாக இருந்தது. "சுண்ணாம்பு காணாதாக்கும், வெத்திலை சிவந்தால்தான் எறிவான்," என்று சொல்லிச் சிரித்தார்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

புளியங்கூடலில் அவர் இறங்கி வெட்டாத கிணறு குறைவு. சுண்ணாம்புக்கல்லைச் சம்மட்டியால் உடைத்து உடைத்து, தோளில் தசைநார் அறுந்துபோனது. கை காதுக்கு மேலே எழும்பவில்லை. யாழ்ப்பாணத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் வெட்டித் தைக்க வேணும் என்றார்கள்.

ரொறன்ரோவில் இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் நிற்கிற தம்பி நிசாந்தன், முழுக் காசையும் ஒரே முறையில் அனுப்பினான்.

ஏதடா இவ்வளவு காசு என்று கேட்டதற்கு, "வேலையிடத்திலை மொத்தமாத் தந்தவங்கள் அண்ணை," என்றான்.

பிறகு, ஊருக்கு வந்த ஒருவரிடம் தான் விளையாடின இந்தப் பெட்டியையும் கொடுத்தனுப்பினான். உள்ளே ஒரேயொரு விளையாட்டு, பேஸ்போல்.

"நாங்கள் ஊரிலை தடியாலை பந்தடிச்சு விளையாடின எல்லே மாதிரித்தான் அண்ணை. நீங்கள்தானே எறியிறனீங்கள். எறிஞ்சு பழகுங்கோ, கை விறைக்காது. எனக்கு இப்ப நேரமில்லை."

எல்லேயில் தம்பிக்கு எறிந்து பழக்கியது அவர்தான். நிசாந்தன் மூங்கில் தடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து ஒரு வீச்சு வீசினால், பிறகு பந்தைத் தாழம்பற்றைக்குள்தான் தேட வேணும்.

சிவபாதம் மறுபடியும் அமத்தினார்.

வெட்டித் தைத்த நாளிலிருந்து அந்தப் பெருவிரல் நுனி மரத்துப்போய்க் கிடந்தது. தான் அமத்துவதாக நினைக்கிறார், விரல் அமத்துவதில்லை. அப்படித்தான் முடிவுகட்டி வைத்திருந்தார். மனிசிக்கும் சொல்லவில்லை, டொக்ரருக்கும் சொல்லவில்லை. மழைக்கு முன் ஏரம்பர் வளவில் கிணறு தொடங்க வேணும். ஒரு பொத்தானை அமத்த ஏலாத கை அலவாங்கை எப்படிப் பிடிக்கும்? கிணறு வெட்ட ஏலாது என்றால் வேறு என்ன செய்வது? அவருக்கு வேறு தொழில் தெரியாது.

கொன்றோலரை மடியில் போட்டார்.

"செத்த கை," என்றார்.

குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மகள் லோஜனா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கொன்றோலரை எடுத்து அதே பொத்தானை அமத்தினாள். வெள்ளைக்காரன் அசையவில்லை.

"உங்கடை கை இல்லையப்பா. எனக்கும் எறியிறானில்லை. சாமான்தான் பிழை."

சிவபாதம் ஆழக் கிணற்றிலிருந்து மேலே ஏறின ஆள் மாதிரி மூச்சு விட்டார்.

லோஜனா விளையாட்டை நிறுத்தி, இங்கிலிசில் வந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் படித்தாள். அவளின் முகம் மெல்ல மாறியது.

"பிழையுமில்லை. எறியிற பொத்தான், அடிக்கிற பொத்தான், வலப்பக்கத்திலை இருந்த எல்லாத்தையும் சித்தப்பா இடப்பக்கத்துக்கு மாத்தி வைச்சிருக்கிறார். ஒத்தைக் கையாலை விளையாடுற ஆக்கள்தான் இப்பிடி..."

வசனத்தை முடிக்காமல் அவள் இடப்பக்கத்தில் விரலை வைத்தாள்.

வெள்ளைக்காரன் காலைத் தூக்கி, உடம்பைச் சுழற்றி எறிந்தான். பந்து தோல் கையுறைக்குள் 'டப்' என்று விழுந்தது.

சிவபாதம் அதைப் பார்க்கவில்லை.

வீடியோவில் கதைக்கும்போது தம்பி போனை இடக்கையில்தான் பிடித்திருப்பான். வலக்கை எந்த நேரமும் ஜக்கெற் பொக்கற்றுக்குள். வீட்டுக்குள்ளேயும் ஏனடா என்றால், "குளிர் அண்ணை," என்பான். போன ஆடியிலும் அதையேதான் சொன்னான். "உங்கை வெயில் எறிக்கிறதே இல்லையோ?" என்று இவர் நக்கலடித்தார். அவனும் சிரித்தான்.

அந்தக் காசை எதற்காக மொத்தமாகத் தந்தார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

வலக்கையை மெல்ல உயர்த்தினார். நோ இருந்தது. ஆனாலும் கை காதைத் தாண்டி மேலே போனது. விரல்களை மடக்கினார், விரித்தார். சொன்னபடி கேட்டன.

"சித்தப்பாவுக்கு ஒருக்காக் கோல் எடுக்கட்டோ அப்பா?"

"பொறு பிள்ளை."

உயர்த்திய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தார். ரீவியில் அவன் அடுத்த பந்தோடு சப்பிக்கொண்டு நின்றான்.

தம்பிக்கு அவர் கொடுக்க வேண்டியது காசு இல்லை. ஒரு வலக்கை.