சுருட்டுக்கடைச் சம்பந்தி

“அந்தப் படத்துக்குப் போறதிலும் பார்க்க, வீட்டில இருந்து ஆட்டுக்குக் குழை கட்டலாம், அம்மா!”

தர்சினி உதறிய வேகத்தில் ஒரு செருப்பு முற்றத்தில் போய் விழுந்தது. பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கிறவள். குறை பிடிக்கத்தான் கம்பஸ் போகிறாள் என்று கரம்பொன் சனம் சொல்லும். ‘சுருட்டுக்கடைச் சம்பந்தி’ படத்தை நேற்று யாழ்ப்பாணத்தில் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்திருந்தாள். இன்று பின்னேரம் அது ஊர் வாசிகசாலையில் ஓடப்போகிறது.

தாய் இரஞ்சிதம் அலுமாரியைத் திறந்துவைத்துச் சீலையின் கரையைத் தடவிக்கொண்டு நின்றாள்.

“ஐம்பது வருசமாய் மேடையில சனத்தைச் சிரிக்க வைச்ச நாடகமெல்லோ? அதில என்ன பிழை?”

“மேடையில சிரிச்சது, படத்தில செத்துப்போச்சு. சம்பந்தி சுருட்டைப் பத்தவைச்சுப்போட்டுச் சும்மா நிண்டாலே சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். இதில அந்தாளைச் சும்மா நிக்க விட்டாத்தானே! வாயைத் திறக்க முதலே ‘டொய்ங்’ எண்டு ஒரு மியூசிக்.”

“சரி, விடு.”

“எப்பிடி விடுறது? பகிடி வாற நேரம் பார்த்து ட்ரோன் மேல பறக்குது. நெடுந்தீவுக் குதிரையைக் காட்டினம், பனையைக் காட்டினம், கடலைக் காட்டினம். பகிடியைத்தான் காட்டேல்லை!”

“குதிரையும் கடலும் எனக்கென்னத்துக்கு?” இரஞ்சிதம் சிரித்தாள். “கதாநாயகி எப்பிடி?”

“மரக்கட்டை! நடிப்பெண்டா என்னெண்டு கேட்கிற சாமான்.”

“அதை நான் போய் முடிவெடுக்கிறன். இந்தச் சீலை பச்சையோ, நீலமோ?”

“நீலம். அம்மா, சொன்னாக் கேளுங்கோ. இண்டைக்குப் போகவேண்டாம். காசும் வீண், நேரமும் வீண்.”

நக்கலுக்குள் ஒரு கெஞ்சல் வந்து ஒட்டிக்கொண்டதைத் தர்சினியால் மறைக்க முடியவில்லை.

“அக்கா, வெளிக்கிட்டாச்சோ?” பக்கத்து வீட்டுப் பிரியவதனி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். தர்சினியைக் கண்டதும் முகமெல்லாம் பல். “எடி பெட்டை! வாசிகசாலை வாசலில உன்ர படத்தை எவ்வளவு பெரிசாய் ஒட்டியிருக்கினம்! கதாநாயகி எண்டா நீதானடி. என்ன வடிவு!”

“கேட்டியோ பிரியா, தன்னைத்தான் மரக்கட்டை எண்டுறாள். என்னை வரவேண்டாமாம்.” இரஞ்சிதம் கையை முன்னால் நீட்டி, பிரியவதனியின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். “வடிவை நீங்கள் பாருங்கோ. கண் போன எனக்கு, என்ர பிள்ளையின்ர குரலைக் கேட்டாக் காணும்.”

இருவரும் படலையைத் தாண்டிப் போனார்கள்.

இந்தியாவிலும் ஓடவேண்டுமென்று, படம் முழுக்கத் தர்சினி வாயசைக்கும் இடமெல்லாம் சென்னையில் யாரோ ஒருத்தி பேசியிருக்கிறாள் என்பதைச் சொல்ல அவளுக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.